வண்டி நிற்குமா?

நெடும்பயணத்திற்குப் பழைய டீசல் பிக்கப் வண்டியை ஆயத்தம் செய்வோர் முதலில் எஞ்சினின் ஒலியையே உற்றுக் கேட்கின்றனர். வண்டி ஓடுமா என்பது அவர்தம் கவலை. நாம் வினவுவதோ, அது நிற்குமா என்பதே.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. ஈரமேறிய ஆயில், மலையிறக்கத்தில் இடைவிடாது பிரேக் மிதிக்கையில் சூடேறிக் கொதிக்கும். மிதி தரைவரை இறங்கும், வண்டி நில்லாது. ஆதலின் 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனை மாற்றுதல் நன்று.

டயரில் பட்டன் தேயாதிருப்பது மட்டும் போதாது. பக்கவாட்டில் பொறித்துள்ள நான்கு இலக்கங்களையும் நோக்குக. 2314 என்றிருப்பின் அது 2014-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. ஓடாத ஸ்டெப்னியின் ரப்பரும் மூப்படையும். டீசல் பில்டரின் அடியில் தேங்கிய நீரை வடித்துவிடுக. ரேடியேட்டர் மூடியை எஞ்சின் ஆறிய பின்னரே திறக்குக.

இறுதியாக ஒன்று. பின்தொட்டி சரக்குக்கே உரியது. உறவினரை அதில் ஏற்றுவதைச் சட்டம் தடுக்கிறது. வண்டி கவிழ்ந்தால் அவர்களைக் காக்க அங்கு ஏதுமில்லை. இடம் போதாவிடில் பாட்டியும் பிள்ளைகளும் பேருந்தில் வரட்டும். சற்றுத் தாமதித்தேனும் அனைவரும் வந்து சேர்வதன்றோ பயணம்!