அஞ்சடிக் கணக்கு

கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா சாலையில் சனிக்கிழமை மாலை. அஞ்சடி நடைபாதையில் மேசை போட்டுத் துணி விற்கும் அம்மாவுக்குத் துணையாக, ஆறாம் ஆண்டு படிக்கும் மகள் நிற்கிறாள். மீட்டர் 18 வெள்ளி. வந்தவர் மூன்றரை மீட்டர் கேட்கிறார்.

“மூணு மீட்டர் அம்பத்து நாலு, அரை மீட்டர் ஒம்போது. அறுபத்து மூணு வெள்ளி, அக்கா.”

“பத்து பெர்சன்ட் கழிச்சுக்கம்மா.”

“ஆறு வெள்ளி முப்பது காசு கழியும். அம்பத்தாறு எழுபது குடுங்க.”

நூறு வெள்ளித் தாளை வாங்கிக்கொண்டு முதலில் முப்பது காசை வைக்கிறாள்: ஐம்பத்தேழு. மேலே மூன்று வெள்ளி: அறுபது. அதற்கு மேல் நாற்பது: நூறு. கழித்தலைக் கூட்டலாக மாற்றிவிட்டாள். இதை எந்தப் பாடநூலும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை.

திங்கட்கிழமை 18 × 3.5 என்று தாளில் வந்தால், இத்தகைய பிள்ளைகள் தசமப் புள்ளியை எங்கே வைப்பது என்று திணறுவதுண்டு. ‘கணக்கு வராத பிள்ளை’ என்ற பெயரும் ஒட்டிக்கொள்கிறது.

பிரேசிலின் ரெசிஃபே நகரில் இதை நேரில் சோதித்தவர்கள் நூனெஸ், கராஹர், ஷ்லீமன் என்ற மூன்று உளவியலாளர்கள். தெருவில் பொருள் விற்ற ஐந்து பிள்ளைகளிடம் வாடிக்கையாளர் போலவே பேசி 63 கணக்குகள் கேட்டார்கள். நூற்றுக்கு 98 சரி. அதே பிள்ளைகளிடம் அதே எண்களை வெறும் கணக்காகக் கொடுத்தபோது நூற்றுக்கு 37தான் சரி. தேங்காய் ஒன்று 35 குருசேரோ. நான்கு தேங்காய்க்கு 140 என்று கடையில் சரியாகச் சொன்ன 12 வயதுப் பிள்ளை, தாளில் 35 × 4 என்பதற்கு 200 என்று எழுதியது. மிச்சம் வந்த இரண்டை முதலில் மூன்றோடு கூட்டி, பிறகு நான்கால் பெருக்கியதில் வந்த பிழை. அந்த ஆய்வு வெளிவந்த ஆண்டு 1985. நடைமுறை அறிவுக்கும் நுண்ணறிவில் இடம் உண்டு என்று உளவியலாளர் ராபர்ட் ஸ்டெர்ன்பெர்க் வாதிட்டதும் அதே ஆண்டில்தான்.

கொல்கத்தா, டில்லி சந்தைகளில் வேலை செய்யும் 1,436 பிள்ளைகளை வைத்து பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழுவினர் செய்த ஆய்வு 2025இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. முடிவு அதேதான். ஆனால் அவர்கள் இன்னொரு பக்கத்தையும் பார்த்தார்கள். சந்தைப் பிள்ளைகளில் மூன்றில் ஒருவருக்கு மேல் சரியாகப் போட்ட ஒரு கடைக் கணக்கை, கடை அனுபவம் இல்லாத பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஒருவர்தான் போட்டார். ஆக, இரு தரப்புக்கும் நடுவே பாலம் இல்லை. பிள்ளைகள் கடையில் நிற்பதைக் கொண்டாட இதைச் சொல்லவில்லை. அவர்கள் இடம் வகுப்பறைதான். அந்த வகுப்பறை அவர்கள் கொண்டுவரும் அறிவை வாசலிலேயே நிறுத்திவிடக் கூடாது.

1905இல் முதல் நுண்ணறிவுச் சோதனையை உருவாக்கிய பிரெஞ்சு உளவியலாளர் ஆல்ஃபிரட் பினே, உதவி தேவைப்படும் பிள்ளைகளை அடையாளம் காணத்தான் அதைச் செய்தார். அறிவு பிறவியிலேயே அளந்து வைத்த ஒன்று என்பதை அவர் கடுமையாக மறுத்தார். நாம்தான் மதிப்பெண்ணை முத்திரையாக்கினோம்.

மலேசியாவில் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கான யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் ரத்தானது. வகுப்பறையிலேயே ஆசிரியர் மதிப்பிடுகிறார். ஒரு பிள்ளை விடையை எந்த வழியில் அடைந்தது என்று கேட்க இப்போது இடமிருக்கிறது. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் அதை விட்டுவிடக் கூடாது.

பெற்றோரும் செய்யலாம். அடுத்த முறை கடையில் மகள் மீதியைச் சரியாகச் சொன்னால், “எப்படிம்மா கண்டுபிடிச்சே?” என்று கேளுங்கள். அவள் சொல்வதை, வீட்டுக்கு வந்ததும் அவள் கையாலேயே ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள்.