ஒரே ஒரு பாயிண்ட்

2025 மே 23. நம்ம ஊர் டைமுக்கு மேட்ச் ஆரம்பிக்கவே நள்ளிரவு தாண்டிடுச்சு. கோரிமேட்டுல எங்க ரூம்ல ஒரு லேப்டாப், அதைச் சுத்தி நாலு பேர். நாபோலி 2-0ன்னு கால்யாரியை ஜெயிச்சு இத்தாலி சாம்பியன் ஆச்சு. நாபோலி 82, இன்டர் மிலான் 81. ஒரே ஒரு பாயிண்ட்! நாங்க போட்ட சத்தத்துல ஹவுஸ் ஓனர் வந்து கதவைத் தட்டினார்.

மறுநாள் ஒரு ஜூனியர் கேட்டான்: “அண்ணா, நம்ம பக்கம் இந்த மாதிரி எந்த டீமாவது ஜெயிச்சிருக்கா?”

தேடிப் பார்த்துதான் எனக்கே தெரிஞ்சுது. 2019 மார்ச் 9, கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம். சீசனோட கடைசி மேட்ச்ல சென்னை சிட்டி எஃப்சி முதல்ல ஒரு கோல் வாங்கி, அப்புறம் மினர்வா பஞ்சாபை 3-1ன்னு ஜெயிச்சுது. பெட்ரோ மான்சி ஒரு பெனால்டி, கௌரவ் போரா ரெண்டு கோல். ஈஸ்ட் பெங்காலும் அன்னைக்கு ஜெயிச்சாங்க. ஆனா கணக்கு 43க்கு 42. இங்கயும் ஒரே பாயிண்ட்! ஐ-லீக் ஜெயிச்ச முதல் தமிழ்நாட்டு அணி அதுதான். எட்வின் வன்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ்னு நம்ம பசங்க ஆடின அணி.

2021-22 ஐ-லீக்ல அந்த அணியே இல்லை. சாம்பியன் ஆகி மூணு வருஷம்கூட ஆகலை.

“இங்க ஆட்டத்துல தரம் இல்ல மச்சி, அதான் யாரும் பார்க்கறதில்ல”ன்னு ரூம்மேட் சொல்றான். சரி, 2004-ல நாபோலி திவாலாகி மூணாவது டிவிஷனுக்கு விழுந்தப்போ அங்க மட்டும் என்ன தரம் இருந்துச்சு? அப்பவும் அந்த ஊர்க்காரங்க ஆயிரக்கணக்குல ஸ்டேடியத்துக்கு வந்தாங்க. நாம கொண்டாடின கோப்பைக்குப் பின்னாடி அந்தக் கூட்டமும் இருக்கு.

கூட்டம் மட்டும் ஒரு கிளப்பைக் காப்பாத்திடாது. பணம், நிர்வாகம் எல்லாம் வேணும். ஆனா ஒரு அணி காணாமப் போனதே நமக்குத் தெரியலைன்னா, அது திரும்பி வரணும்னு யார் கேட்பாங்க?

நாபோலியை விடச் சொல்லலை. நானும் விட மாட்டேன். ஆனா சாயங்காலம் நம்ம ஏரியா கிரவுண்டுல மேட்ச் நடந்தா, வண்டியை ஓரங்கட்டிட்டு ஒரு பாதியாவது பாருங்க. கோல்கீப்பர் பேரையும் கேட்டு வைங்க. நாலு வருஷமா அந்த வழியா போயிட்டு வர்றேன், ஒருத்தர் பேர்கூட எனக்குத் தெரியாது.