வேலிகாத்தானும் ஜலவாயுவும்

செங்கற்பட்டுச் சீமையை ஏரிகளின் சீமை என்பர். அவ்வேரிகளிற் பலவற்றில் ஜலம் நிற்கவேண்டிய இடத்தில் வேலிகாத்தான் முள் அடர்ந்து கிடப்பதைத் திருக்கழுக்குன்றம் தாலுகாவிற் காலால் நடந்து திரிந்தவர் எவரும் மறுக்கமாட்டார். விறகுப் பஞ்சம் தீர்க்க வந்த விருந்தாளி வீட்டுக்காரனை வெளியேற்றிய கதை இது. அம்மரத்தை அகற்றுமாறு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017-ம் ஆண்டிலேயே உத்தரவிட்டது. உத்தரவு பிறப்பித்தல் எளிது. வெட்டிய மரத்தை என் செய்வது என்பதன்றோ கேள்வி?

இன்று நடப்பது யாதெனில், கரிமூட்டம் போடுகிறார்கள். விறகில் உள்ள சக்தியிற் பாதிக்கு மேல் மூட்டத்திலேயே புகையாய்ப் போய்விடுகிறது. எஞ்சிய கரி மூட்டையேறி ஊரை விட்டுப் போகிறது.

இவ்விஷயத்தில் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தார் 2022-ம் ஆண்டில் வெளியிட்ட செய்தி நமது ஜனங்களின் கவனத்திற்கு உரியது. பேராசிரியர் தாசப்பாவும் அவருடைய குழுவினரும் 1 கிலோ உலர்ந்த தாவரப் பொருளிலிருந்து 100 கிராம் ஜலவாயு, அதாவது ஹைட்ரஜன், எடுக்கும் முறையைக் கண்டிருக்கிறார்கள். அந்த 1 கிலோவில் உள்ளதோ சுமார் 60 கிராம் ஜலவாயுதான். மிச்சம் 40 கிராம் எங்கிருந்து வந்தது? மாயமொன்றுமில்லை. உலைக்குள் காற்றுக்குப் பதிலாகப் பிராணவாயுவையும் நீராவியையும் செலுத்துகிறார்கள். தணலாய்ப் பழுத்த கரி, நீராவியிலுள்ள பிராணவாயுவைக் கவர்ந்துகொண்டு ஜலவாயுவை விட்டுவிடுகிறது.

காற்றை ஏன் நீக்கினார்கள் என்பதற்கு யுத்த கால அனுபவமே சாட்சி. இரண்டாவது உலக யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமற் போனபொழுது, நம் ராஜதானியில் பஸ்கள் முதுகில் அடுப்பைச் சுமந்துகொண்டு கரிவாயுவில் ஓடின. மேட்டைக் கண்டால் அவை திணறும். பிரயாணிகள் இறங்கித் தள்ளவேண்டும். காற்றைக் கொண்டு எரித்தமையால் அவ்வாயுவிற் சரிபாதி ஒன்றுக்கும் உதவாத உப்புவாயுவாக இருந்ததே அதற்குப் பெரிய காரணம்.

இனி, வக்கீல் தொழில் நமக்குக் கற்பித்த வழக்கப்படி, இந்தச் சாட்சியைச் சிறிது குறுக்கு விசாரணை செய்வோம். 1 கிலோ ஜலவாயுவின் உஷ்ணம் 120 மெகாஜூல். ஆகவே 100 கிராமுக்கு 12. உலர்ந்த விறகு 1 கிலோவுக்குச் சுமார் 17. நூற்றுக்கு 70 பங்கு கைக்கு வந்ததென்று கணக்காகிறது. கரிமூட்டத்தோடு ஒப்பிட்டால் இது கொண்டாடத்தக்கதே. ஆனால் இக்கணக்கு உலையின் வாயிலில் தொடங்கி உலையின் வாயிலிலேயே முடிகிறது. பிராணவாயுவைக் காற்றிலிருந்து பிரிக்க மின்சாரம் வேண்டும். ஜலவாயுவைச் சுத்தம் செய்யவும் அமுக்கி அடைக்கவும் வேண்டும். இவற்றைக் கழித்தால் 70 என்பது 70 ஆக நிற்காது. மேலும், ஏரியிலிருந்து அன்று வெட்டிய பச்சை மரத்திற் பாதியளவு தண்ணீர். உலர்ந்த விறகுக்குச் சொன்ன கணக்கைப் பச்சை விறகுக்குச் சொல்வது, நெல்லைக் காட்டி அரிசி விலை கேட்பது போலாகும். நல்ல வேளையாக நம்மூர் வெய்யிலுக்கு விலையில்லை; வெட்டிய மரத்தைச் சில மாதம் காயவிட்டாலே நஷ்டத்தின் பெரும்பகுதி குறையும்.

மற்றொரு கேள்வி, இவ்வளவு பாடுபட்டு எடுத்த ஜலவாயுவை எதற்குப் பயன்படுத்துவது என்பது. கிணற்று நீர் இறைக்கவோ தெருவிளக்கு ஏற்றவோ ஜலவாயு வேண்டியதில்லை. அதற்குச் சாதாரண விறகுவாயு எஞ்சினே போதும். கோயமுத்தூர் ஜில்லாவில் ஓடந்துறைப் பஞ்சாயத்தார் 9 கிலோவாட் எஞ்சின் ஒன்றைக்கொண்டு குடிநீர் இறைத்துக் காட்டியிருக்கிறார்கள். ஜலவாயுவை, அதுவன்றி ஆகாத இடத்திற்கே விடவேண்டும். நமது உரச்சாலைகளும் எண்ணெய் ஆலைகளும் வருஷத்திற்குச் சுமார் 50 லட்சம் டன் ஜலவாயுவை விழுங்குகின்றன. அதிற் பெரும்பங்கு இயற்கைவாயுவிலிருந்து எடுக்கப்படுவது. அவ்வியற்கைவாயுவில் ஏறக்குறையப் பாதி அயல்நாடுகளிலிருந்து கப்பலேறி வருவது. விவசாயி தெளிக்கும் யூரியாவிற்கு அயல்நாட்டுக் கிணறு திறக்கவேண்டியிருக்கிறது, அவனது ஏரியிலோ முள் மண்டிக் கிடக்கிறது!

மத்திய சர்க்கார் 2023 ஜனவரியில் பசுமை ஜலவாயு இயக்கத்திற்கு 19,744 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். அதிற் பேச்செல்லாம் தண்ணீரை மின்சாரத்தாற் பிளப்பதைப் பற்றியே. அம்முறையில் 1 கிலோவுக்கு 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவாகும். அதே ஆண்டில் வெளியான தர நிர்ணயம் தாவர வழியையும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஏற்றுக்கொண்டால் மட்டும் போதுமா?

இந்தியன் ஆயில் நிறுவனத்தாரும் பெங்களூர்க் கழகத்தாரும் திட்டமிட்ட உலையின் அளவு நாளொன்றுக்குக் கால் டன். பெங்களூர்க் கணக்குப்படி அதற்கு இரண்டரை டன் உலர்ந்த விறகு போதும். பச்சையாக ஐந்து டன். அத்தகைய உலையொன்றைத் திருக்கழுக்குன்றத்தைச் சூழ்ந்த ஏரிகளின் முள்ளைக்கொண்டு நடத்திப் பார்க்கவேண்டுமென்பது நமது கோரிக்கை. முள் தீர்ந்தபின் கடலோரத்துச் சவுக்கு இருக்கிறது. அதற்குக் குடியானவனுக்கு நியாயமான விலை கொடுக்கவேண்டும். வைக்கோலை மாத்திரம் தொடலாகாது. அது மாட்டின் உணவு. முள்ளை வேரோடு பிடுங்குவதும் ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்தாக இருக்கவேண்டும். அடிக்கட்டையை விட்டுவைத்தால் அது மறுபடி துளிர்க்கும், ஒப்பந்தக்காரருக்கு லாபமும் அதனோடு சேர்ந்து துளிர்க்கும். எடை போடும் தராசும் ஈரம் பார்க்கும் கருவியும் பஞ்சாயத்தின் வசமே இருக்கட்டும்.