நிலக்கரிச் சாம்பலிலிருந்து வினையூக்கி: நுரையீரலுக்கு என்ன பயன்?

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எரித்தபின் எஞ்சும் சாம்பல், புதுச்சேரிக்கு அருகில் பெருமளவில் உருவாகும் தொழிற்கழிவாகும். இத்தகைய சாம்பலிலுள்ள சிலிக்காவையும் அலுமினாவையும் காரக் கரைசலில் சூடேற்றினால், நுண்துளைகள் நிறைந்த சியோலைட் கிடைக்கிறது. செம்பு ஏற்றிய சியோலைட், அம்மோனியாவின் துணையுடன், புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளை நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றும் வினையூக்கியாகும். புதிய டீசல் லாரிகளில் யூரியாக் கரைசல் ஊற்றப்படுவதும் இவ்வினைக்காகவே.

நைட்ரஜன் டைஆக்சைடு மூச்சுக்குழாயில் அழற்சியை உண்டாக்கி, ஆஸ்துமாவைத் தீவிரப்படுத்தும். இந்தியக் குடியிருப்புப் பகுதிகளில் அதன் ஆண்டுச் சராசரி வரம்பு கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம்; உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்தது 10 மட்டுமே.

ஆயினும் சாம்பலில் ஆர்சனிக், குரோமியம் போன்றவை இருக்கலாம். அவை கசியாதென உறுதிசெய்யாவிடில், புகையைத் தூய்மைப்படுத்தும் பொருளே நிலத்தடி நீரைக் கெடுக்கும். உங்கள் குழந்தைக்கு ஆஸ்துமா இருப்பின், காற்று தெளிவாகத் தோன்றும் நாளிலும் மருத்துவர் கூறிய இன்ஹேலரை நிறுத்தாதீர்கள்.