சக்கரம் தரையைத் தொட்ட பிறகு

விமானம் ஓட்டப் பழகும் ஒருவர் விபத்துக்குள்ளானார் என்று செய்தி வந்தால், கன்டீன் மேசையிலும் முகநூலிலும் தீர்ப்பு உடனே வந்துவிடும்: "பழகிற ஆள்தானே, பிழை விட்டிருப்பார்." அதோடு கதை முடிந்தது.

2020 டிசம்பர் 15 அன்று கந்தளாயில் விமானப்படையின் பிடி-6 பயிற்சி விமானம் விழுந்து, அதைத் தனியாக ஓட்டிச் சென்ற பயிலுநர் விமானி இறந்தார். 2025 மார்ச் 21 அன்று வாரியபொலவில் கே-8 பயிற்சி விமானம் ஒன்று விழுந்தது. பயிற்றுநரும் பயிலுநரும் பரசூட்டில் இறங்கி உயிர் தப்பினார்கள். இரண்டு செய்திகளும் எங்களில் பலருக்கு மறந்தே போய்விட்டன. அந்த விபத்துகளிலிருந்து என்ன கற்றுக்கொண்டோம் என்று கேட்டால் பதில் சொல்ல எங்களிடம் ஒன்றும் இல்லை.

'பழகுபவரின் பிழை' என்ற சொல் எவ்வளவு குறைவாகச் சொல்கிறது என்பதற்கு ஜைரோப்ளேன் நல்ல உதாரணம். பார்க்கச் சின்ன ஹெலிகொப்டர் மாதிரி இருக்கும். ஆனால் பறக்கும்போது மேலே உள்ள சுழலியை எஞ்சின் சுற்றுவதில்லை. எஞ்சின் வண்டியை முன்னே தள்ளுகிறது. எதிரே வரும் காற்றுதான் சுழலியைச் சுற்றுகிறது. தரையிறங்கும்போதுதான் சிக்கல். சக்கரம் தரையைத் தொட்டாலும் சுழலி வேகமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் "அப்பாடா, இறங்கியாச்சு" என்று கைப்பிடியைத் தளர்த்தினாலோ, வேகம் குறைய முன்னர் திரும்பினாலோ, பக்கக் காற்று அடித்தாலோ வண்டி பக்கவாட்டில் கவிழலாம். சுழலித் தகடுகள் தரையில் அடித்து நொறுங்கும். தனியாகப் பறக்கத் தொடங்கிய பயிலுநர்கள் பலர் இப்படிக் கவிழ்ந்திருக்கிறார்கள்.

இதில் பிழை யாருடையது? கையுடையதா, காற்றுடையதா, அந்தக் காற்றில் தனியாக அனுப்பிய பயிற்சி முறையுடையதா? பிரித்தானியாவின் விமான விபத்து விசாரணைப் பிரிவு இப்படியான சின்ன விபத்துகளுக்கும் அறிக்கை வெளியிடுகிறது. விமானியின் பெயர் அதில் இருக்காது. வயது, பறந்த மணித்தியாலங்கள், காற்று, நடந்த ஒழுங்கு எல்லாம் இருக்கும். அடுத்த பயிலுநர் அதை வாசிக்கலாம்.

இதற்கு அடிப்படை, சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 1951இல் ஏற்றுக்கொண்ட 13ஆவது இணைப்பு. விசாரணையின் நோக்கம் இன்னொரு விபத்தைத் தடுப்பதே, யார் மீதும் பழி சுமத்துவதல்ல என்பது அதன் சாரம். இராணுவ விமானங்களுக்கு அது பொருந்தாது. ஆனால் அந்த எண்ணத்தை எடுத்துக்கொள்ள யாரும் தடை போடவில்லையே.

ஜைரோப்ளேனே அப்படிப் பிறந்ததுதான். ஸ்பெயின் நாட்டுப் பொறியியலாளர் ஹுவான் டெ லா சியர்வாவின் முதல் மாதிரிகள் மேலெழப் பார்க்கும்போதெல்லாம் பக்கவாட்டில் சாய்ந்தன. அவர் தேடிப் பார்த்தார். முன்னே வரும் தகட்டுக்குக் காற்று கூட, பின்னே போகும் தகட்டுக்குக் குறைய. தகடுகள் மேலும் கீழும் அசைய ஒரு கீல் வைத்தார். 1923 ஜனவரியில் அது பறந்தது. ஓட்டியவரைத் திட்டிவிட்டு விட்டிருந்தால் அந்தக் கீல் வந்திருக்காது.

கண்டியில் இருக்கிற எங்களுக்கு இது ஆகாயத்துக் கதை மட்டுமல்ல. 2025 மே 11 அன்று கொத்மலை, கரண்டியெல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். நுவரெலியாப் பக்கத்து நண்பர்கள் கம்பஸுக்கு வந்துபோகிற பாதை அது. அங்கேயும் பேச்சு முதலில் சாரதியிடம்தான் போய் நின்றது. அவர் எத்தனை மணித்தியாலம் ஓட்டினார், பஸ் எந்த நிலையில் இருந்தது, அந்த வளைவில் தடுப்பு எப்படி இருந்தது என்ற கேள்விகள் பின்னால் போயின.

அப்போ பொறுப்பே வேண்டாமா? வேண்டும். அதை நீதிமன்றம் பார்க்கட்டும். ஆனால் ஏன் நடந்தது என்று சொல்லும் அறிக்கை ஒன்று தனியாக வர வேண்டும். பொதுமக்கள் வாசிக்க, சிங்களத்திலும் தமிழிலும் வர வேண்டும். அடுத்த முறை ஒரு விபத்துச் செய்தி வரும்போது "யார் ஓட்டினது?" என்பதோடு நிறுத்தாமல், "அறிக்கை எங்கே?" என்றும் கேட்போம்.