மாதிரிப் புகையிரதத்திற்குக் குரல் வேண்டுமா?

மாதிரிப் புகையிரதம் என்றதும் சிறுபிள்ளை விளையாட்டென ஒதுக்குவோர் நம்முட் பலர். அதன் இயந்திரத்துள் ஒலிபெருக்கி பொருத்துவதோ வீண்செலவு என்பர். யான் அக்கட்சியினன் அல்லேன். ஒலி வைத்த மாத்திரத்தே உயிர் வந்துவிடும் என்பாரோடும் எனக்கு உடன்பாடில்லை.

இம்முயற்சி புதியதன்று. அமெரிக்காவின் லயனல் நிறுவனத்தார் 1935இலேயே நிலக்கரி வண்டிக்குள் சிறு மோட்டாரால் காற்றூதும் ஊதுகுழலொன்றை அமைத்தனர். இன்றோ, மெய்யான இயந்திரத்திற் பதிவுசெய்த ஒலி நகமளவான சில்லில் அடங்கி, தண்டவாளத்தின் வழிவரும் கட்டளைக்கேற்ப ஒலிக்கின்றது. இரண்டு உருளைகள் கொண்ட நீராவி இயந்திரம் சக்கரம் ஒருமுறை சுழல நான்குமுறை மூச்சுவிடும். மூன்று உருளையாயின் பொதுவாக ஆறு. மாதிரியில் இக்கணக்குப் பிழைத்தால், தளை தட்டிய வெண்பாவைப்போல் அது செவியை உறுத்தும். இதனைச் சரிசெய்யாமலே பலர் மகிழ்ந்துவிடுகின்றனர்.

பெரும்பிழை ஒலிபெருக்கியிலே நிகழ்கின்றது. 87இல் ஒரு பங்கு அளவில், 18 மீற்றர் நீளமான இயந்திரம் ஏறக்குறைய 20 சென்ரிமீற்றராகச் சுருங்கும். மோட்டாரும் பற்சக்கரமும் பாரமும் போக எஞ்சுவது பெருவிரலளவு இடமே. ஒலிபெருக்கியின் முன்புற அலையும் பின்புற அலையும் ஒன்றற்கொன்று எதிரானவை. கலந்தால், சிறப்பாகத் தாழ்ந்த ஒலியில், ஒன்றையொன்று அழிக்கும். ஆதலின் பின்புறத்தைக் காற்றுப் புகாத பெட்டியால் மூடல் வேண்டும். விலையுயர்ந்த சில்லை வாங்கி, ஒலிபெருக்கியை வெறுமனே ஒட்டிவிட்டு, “ஒலி தகரம்போல் இருக்கிறதே” என வருந்துவோரை என்னென்பது! ஒலியைக் கூட்டுதலும் மருந்தன்று. ஒரு மீற்றர் தொலைவில் நின்று பார்ப்பவன் அவ்வளவுப்படி 87 மீற்றர் தொலைவில் நிற்பவனேயாவன். அவனுக்கேன் காதடைக்கும் முழக்கம்?

இவ்வளவும் ஏன் எழுதுகின்றேன்? 1990இல் வடபகுதிப் புகையிரதச் சேவை நின்றது. 2014இலேயே யாழ்ப்பாணத்திற்கு மீண்டது. இடைப்பட்ட காலத்தில் இங்கு வளர்ந்த பிள்ளைகள், தம் ஊரில் இயந்திரத்தின் உறுமலைக் கேளாமலே பள்ளிப்பருவத்தைக் கடந்தனர். யாழ்தேவி 1956இல் ஓடத்தொடங்கியதை நினைவுகூரும் முதிய பழைய மாணவர்க்கு அவ்வொலி மணிக்கூடாகவே இருந்தது. 1954முதல் கனடாவிலிருந்து வந்த எம்2 வகை டீசல் இயந்திரங்களின் உள்ளே இருந்தது, அமெரிக்க இயந்திரங்கள் பலவற்றிலும் பூட்டப்பெற்ற 567 குடும்பத்துப் பொறியே. அக்குடும்பத்தின் ஒலிப்பதிவு மாதிரிக்காரருக்கு விலைக்குக் கிடைக்கின்றது. ஆயினும் அது அந்நாட்டுத் தண்டவாளத்தின் ஒலி. அதன் ஊதுகுழலும் நம் கடவைகளில் நாம் கேட்டதன்று.

நம் விஞ்ஞான மன்றத்து மாணவர் இத்தகைய மாதிரி அமைக்க முன்வருவாராயின், ஆசிரியர் சிலர் முகஞ்சுளித்தாலும், யான் ஆதரிப்பேன். ஒரு வேண்டுகோள் மட்டும்: ஒலிபெருக்கி வாங்குமுன், உரிய அனுமதி பெற்று, ஒலிவாங்கியுடன் நம் நிலையத்து மேடையில் ஒரு காலைப்பொழுது நிற்பாராக. முதியோர் ஒருவரையும் உடனழைத்துச் செல்க. எவ்வொலி பழையது, எது புதியது என்பதை அவரே சொல்வார்.