தளபதிக்கு வயசு என்ன?

அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றி அடிக்கடி சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. கிழட்டுத் தளபதிகள் சொதப்பினார்கள், இளைஞர்கள் வந்து ஜெயித்தார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் கணக்கு இடிக்கிறது.

1861 ஏப்ரலில் போர் தொடங்கியபோது வடக்கின் தலைமைத் தளபதி வின்ஃபீல்ட் ஸ்காட்டுக்கு 74 வயது. குதிரை ஏற முடியாத உடம்பு. தெற்கின் துறைமுகங்களை அடைத்து, மிசிசிப்பி ஆற்றைப் பிடித்து, மெல்ல நெரிக்கலாம் என்றார். பத்திரிகைகள் அதை 'அனகோண்டா' என்று கேலி செய்தன. கடைசியில் தெற்கின் மூச்சை அடைத்ததில் அந்த முற்றுகைக்கும் அந்த ஆற்றுக்கும் பெரும் பங்கு உண்டு.

நவம்பரில் அவர் இடத்துக்கு வந்தவர் ஜார்ஜ் மெக்லெல்லன். வயது 34. 'இளம் நெப்போலியன்' என்று கொண்டாடினார்கள். படையைத் திரட்டிப் பயிற்சி கொடுத்ததில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மனுஷன் நகரவே மாட்டார். எதிரிப்படையை எப்போதும் இரண்டு மடங்காகவே பார்த்தார். 1862 கோடையில் ரிச்மண்ட் வாசல்வரை போய்விட்டு, 55 வயது ராபர்ட் லீ அடித்த அடியில் பின்வாங்கினார்.

சரி, கிழவர்கள் எல்லாரும் ஸ்காட்டா? இல்லை. 70 வயதைத் தாண்டிய டேவிட் ட்விக்ஸ், போருக்கு முன்பே டெக்சஸில் தன் பொறுப்பிலிருந்த படைத்தளங்களை எதிர்த்தரப்பிடம் ஒப்படைத்தார். அவரைவிட மூத்த ஜான் வூல், 78 வயதில் நார்ஃபோக் நகரைப் பிடித்தார். நரை ஒன்றுதான், மனிதர்கள் வேறு.

இளைஞர்களின் கோபத்தில் நியாயமே இல்லையா? இருக்கிறது. அந்த ராணுவத்தில் பதவி உயர்வு மூப்பின்படி நகர்ந்தது. ஓய்வுக்கான சட்டமே 1861 ஆகஸ்டில்தான் வந்தது. யுலிசிஸ் கிராண்ட் 1854இல் கேப்டனாகவே வேலையை விட்டார். போர் தொடங்கியபோது, 39ஐ நெருங்கும் வயதில், அப்பாவின் தோல் கடையில் இருந்தார். 41 வயதில் தலைமைத் தளபதியானார். அவரைக் கண்டுபிடிக்க மூன்று வருஷம் ஆனது. அதற்குள் எத்தனை பேர் மண்ணுக்குள் போய்விட்டார்கள்! மொத்தப் போரில் செத்தவர்கள் 6 லட்சத்துக்கும் மேல்.

நம் இலக்கியக் கூட்டங்களிலும் 'இளைஞர்களுக்கு வழிவிடுங்கள்' என்ற குரல் கேட்கிறது. விடட்டும், விடணும். ஆனால் வருகிறவர் கிராண்டா, மெக்லெல்லனா என்று கேட்காமல் பிறந்த தேதியை மட்டும் பார்த்துக் கைதட்டினால், நாமும் அந்தப் பழைய மூப்புப் பட்டியலையே தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.